ஏரி பார்க்கப் போகும் மகளுக்கு

ஜெனி மகளுக்கு, அம்மா எழுதுகிறேன்.

சுகமா என்று கேட்கப் போவதில்லை. முன்னறையில் கிடக்கும் உன் பையில் தடுக்கி விழாமல் நடக்க முடியாத வீட்டில் இருந்துகொண்டு, உன் சுகத்தைக் கேட்டு எழுதினால் அப்பா சிரிப்பார். நீ காலையிலேயே வேலைக்கு, கந்தோருக்குப் போய்விட்டாய். அப்பா பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு கதிரையில் சாய்ந்திருக்கிறார். அடுப்பில் பருப்பு வேகிறது. நாளை மறுநாள், வியாழக்கிழமை, நீ விமானம் ஏறுகிறாய். இதையெல்லாம் வாயால் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் நான் அழுதுவிடுவேன், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று எழும்பிப் போய்விடுவாய். இருபத்தெட்டு வருடம் தபால் கந்தோரில் மற்றவர்களுடைய கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள் நான். எனக்கென்று ஒரு கடிதம் எழுத இப்போதுதான் வாய்த்திருக்கிறது. இதை உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. பொய்யை ஊர் முழுக்கச் சொன்னவள், உண்மையை மட்டும் மூடி ஒட்டி அனுப்புவது நியாயமில்லை. கோயில் மாத இதழுக்கு ஒரு பிரதி கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உன்னைக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன், பயப்படாதே. இந்த ஒரு வாரத்தில் அந்தப் பழக்கமாவது எனக்கு வந்திருக்கிறது.

இந்தப் பயணம் உனக்குள் எப்போது புகுந்தது என்று யோசித்துப் பார்த்தால், தெல்தோட்டையில் என் அண்ணன் வீட்டுச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் முன்பக்கச் சுவரில், சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தை மறைப்பதற்காக உன் மாமா ஒரு பெரிய படம் ஒட்டியிருந்தார். நீல ஏரி, கரையில் ஒரு பழைய கோட்டை, கூரான கோபுரம், கட்டி வைத்த படகுகள், பின்னால் பனி போர்த்திய மலை. உனக்கு ஏழு வயது. "மாமா, இது எங்க இருக்கு?" என்று கேட்டாய். "அது எங்கயும் இல்ல பாப்பா, சும்மா கலர் அடிச்சிருக்கான்" என்றார் அவர். நீ விடவில்லை. கட்டிலில் ஏறி நின்று, படத்தோடு மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப தண்ணில கோபுரத்தோட நெழல் மட்டும் ஏன் இவ்வளவு சரியா விழுந்திருக்கு?" என்று கேட்டாய். அன்றைக்கு உன்னை "வாயாடி" என்று சொல்லி இறக்கிவிட்டேன். வீடுகளுக்குப் பிளான் வரைகிற வேலைக்குப் போகப் போகிறவள் கேட்ட கேள்வி அது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு மூன்று வருடத்துக்கு முன்னால், மாமா வீடு மாறும்போது அந்தப் படத்தைப் போனில் பிடித்துக்கொண்டு வந்தாய். கோபுரத்தின் கூரையையும் மலையின் வளைவையும் வைத்துக்கொண்டு இன்டர்நெட்டில் தேடினாய். மூன்றாம் நாள் பின்னேரம் "அம்மா, இருக்கு! நெசமாவே இருக்கு! சுவிஸ்ல! ஊர் பேரு ஸ்பீஸ்!" என்று நீ போட்ட கூச்சலில் நான் சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். அன்றிரவு நாம் கருகல் வாசத்தோடு சாப்பிட்டோம். நீ மட்டும் அதைக் கவனிக்கவேயில்லை. அங்கே போகத்தான் போகிறாய் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. யாரோடு என்பதுதான் என் கவலையாக இருந்தது. அந்தக் கேள்வியை நீ உன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை போலிருக்கிறது.

நீ அந்தப் பயணத்தைத் திட்டம் போட்ட அழகை நான் எங்கே போய்ச் சொல்வது! வரைபடத் தாளொன்றை அலுமாரிக் கதவில் ஒட்டி, பென்சிலால் கோடு இழுத்தாய். லூசேர்னில் இரண்டு நாள், அங்கிருந்து மலை ஏறி இறங்கும் ரயிலில் பிரியென்ஸ், அங்கே இரண்டு நாள், பிறகு படகு, திரும்பவும் படகு, ஸ்பீஸில் மூன்று நாள், கடைசியாகத் தூன். எந்தப் படகு எத்தனை மணிக்கு, மழை பெய்தால் என்ன செய்வது, ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தால் எதைச் சாப்பிடுவது, எல்லாம் ஓரத்தில் உன் குட்டிக் கையெழுத்தில். கண்டி குட்ஸ் ஷெட் பஸ் ஸ்டாண்டில் முப்பது வருடம் பஸ்களுக்கு நேரம் குறித்த உன் அப்பா, அதன் முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்று, ஒரு பிழையாவது கிடைக்காதா என்று பார்த்தார். கிடைக்கவில்லை. "எங்க ஆளுங்களுக்கு இவதான் டைம் டேபிள் போட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது என்று உனக்குத் தெரியும்.

சனிக்கிழமைகளில் ஹந்தானை மலை ஏறினாய். மற்ற நாட்களில் பைக்குள் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கண்டிக் குளத்தைச் சுற்றி நடந்தாய், பாரம் பழக வேண்டும் என்று. "ஜெனி இப்ப அரிசி யாவாரமா பண்றா?" என்று கடைக்காரர் என்னிடம் கேட்டார். வீசாவுக்குக் கொழும்புக்குத் தனியாகப் போனாய். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் "ஏன் தனியாகப் போகிறீர்கள்?" என்று கேட்டாளாம். "எனக்குப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னதாக வந்து சொன்னாய். "வேற ஒன்னும் சொல்லலயா?" என்று நான் பதறினேன். "வேற என்னாம்மா இருக்கு சொல்றதுக்கு?" என்றாய். வீசா கிடைத்தது. அந்நியப் பெண்ணிடம் நீ சொன்ன அந்த இரண்டு வார்த்தையை, தெரிந்த முகங்களுக்கு முன்னால் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அங்கேதான் நான் சறுக்கினேன்.

போன மாதம், பூசை முடிந்து வெளியே வரும்போது ரீட்டா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நம் பக்கத்து வீதி, கோயில் செபக்குழுவான மரியாயின் சேனையில் என்னோடு இருப்பவர், நல்ல மனுஷிதான். "ஜெனி சுவிஸ் போறாளாமே! மாப்ள அங்கயா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப வேலையா? போனா இனி எங்க வரப்போறா, அதுவும் நல்லதுதான்." அதுவும் இல்லை என்றேன். "அப்ப என்னாத்துக்கு?" சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாத மகள், தனியாக, சும்மா ஏரி பார்க்கப் போகிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு. "மாதாவுக்கு நேர்த்திக்கா. அங்க ஒரு கறுப்பு மாதா கோயில் இருக்கு. அதுக்குத்தான் போறா" என்றேன். அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். நெஞ்சில் கை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "வெறுங்காலோட நடந்து போறதா நேர்ந்திருக்கா" என்று இன்னொன்றையும் சேர்த்துவிட்டேன். ஏன் சேர்த்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

நம் ஆட்களிடம் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறே மன்றாட்டுச் சீட்டுகள் வரத் தொடங்கின. நாலாக மடித்த தாள்கள், மெழுகுவர்த்திகள், மந்திரித்துக்கொண்டு வரச் சொல்லி ஒரு செபமாலை, இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைக்கென்று தைத்த ஒரு சின்னச் சட்டை. "மாதாவோட காலடியில வச்சிட்டு வரச் சொல்லுங்க." சிலர் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள், சில வீடுகளுக்கு நானே போய் வாங்கினேன். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும் தையல் மெசின் லாச்சிக்குள் போட்டு மூடினேன். நீ புறப்படும்போது எப்படியாவது பைக்குள் வைத்துவிடலாம், அங்கே போனபின் போனில் சொல்லலாம், அரை நாள்தானே, போய் வைத்துவிட்டு வந்துவிடுவாய் என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். உன் வரைபடத்தில் அரை நாள்கூட மிச்சமில்லை என்று தெரிந்துகொண்டே போட்ட கணக்கு அது.

போன புதன்கிழமை, சட்டைப் பொத்தான் தைக்க நூல் தேடி நீ லாச்சியைத் திறந்தாய். முப்பத்தொரு சீட்டுகள். மேலே கிடந்ததில் உன் பெயரும் இருந்தது. "அம்மா, இது என்னா?" என்று கேட்டாய். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், வெறுங்காலைக்கூட. நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். நீ கதிரையில் உட்கார்ந்து, மெதுவாகத்தான் பேசினாய்.

"நான் போகல. டிக்கட் போனா போகட்டும். பொய் சொல்லிட்டுப் போக எனக்கு ஏலாது."

"பொய் சொன்னது நான்தானே புள்ள. நீ ஒரு அரை நாள் அந்தக் கோயிலுக்கும் போயிட்டு வந்துட்டா அது பொய்யாவே இருக்காதே."

"கோயிலுக்குப் போகணும்னா கோயிலுக்குன்னே போவேன்மா. இது நான் ஏரி பார்க்கப் போற பயணம். அத அப்படியே சொல்ல உங்களுக்கு ஏன் வெக்கமா இருக்கு?"

அதற்கு நான் வெங்காயத்தைக் காரணம் காட்டி அழுதேன். நீ எழும்பிப் போய், அலுமாரிக் கதவில் இருந்த வரைபடத்தை நாலு மூலையிலும் பிரித்து, சுருட்டி, ரப்பர் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தாய். கதவில் டேப் ஒட்டியிருந்த நாலு தழும்பு மட்டும் இருந்தது. "யார் யாருக்குச் சொன்னீங்களோ, அவங்களுக்கெல்லாம் நீங்களே போய்ச் சொல்லுங்க. சொன்னா போறேன். இல்லாட்டி இல்ல" என்றாய். மூன்று வருடத்து உழைப்பை அப்படிச் சுருட்டி வைக்க உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வைத்தாய். எனக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது. அடியில், அதற்கெல்லாம் அடியில், இவள் என் வயிற்றில் பிறந்தவள்தானா என்று ஒரு பெருமையும் வந்தது. அந்த நேரத்தில் அதைச் சொல்லவா முடியும்? இப்போது சொல்கிறேன்.

ஏனென்றால் உன் விஷயத்தில் நான் இப்படிப் பொய் சொன்னது இது முதல் தடவை இல்லை. நீ பதினாறு வயதில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் திருகோணமலைக்கு இரண்டு நாள் சுற்றுலா போனார்கள். நீ இரண்டு கிழமைக்கு முன்பே பை கட்டிவிட்டாய். ஒரு ராத்திரி வெளியே தங்க வேண்டும் என்றதும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்று காலையில் டீச்சருக்குப் போன் பண்ணி, "புள்ளைக்குக் காய்ச்சல்" என்றேன். நீ கதவுக்குப் பக்கத்தில் சீருடையோடு, தலை பின்னி, பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். பையை அவிழ்த்து உடுப்புகளை மடித்து உள்ளே வைத்தாய். பகல் முழுக்கக் கட்டிலில் படுத்திருந்தாய், காய்ச்சல் வந்த பிள்ளை மாதிரியே. நான் உனக்குக் கஞ்சி வேறு வைத்துத் தந்தேன். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. பதினாறு வருடம் கழித்துக் கேட்கிறேன். அன்றைக்கு வாய் திறக்காத பிள்ளை போன புதன்கிழமை வாய் திறந்தாளே, அதுதான் எனக்குப் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. அதை உன்னிடம் யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். உனக்கு ஐந்து வயது. நான் அப்போது தினமும் ரயிலில் நாவலப்பிட்டிக்கு வேலைக்குப் போய் வருவேன். காலையில் ஏறுவது, நாவலப்பிட்டியில் இறங்குவது, பின்னேரம் ஏறுவது, கண்டியில் இறங்குவது. அந்த ரயிலில் இருந்த பாதிப் பேர் மேலே போகிறவர்கள். நான் இறங்கும்போதெல்லாம் அவர்கள் இறங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் கந்தோரில் லீவு சொன்னேன், வீட்டில் சொல்லவில்லை. நாவலப்பிட்டியில் இறங்கி நானுஓயாவுக்கு டிக்கட் எடுத்து, திரும்ப ஏறி உட்கார்ந்துவிட்டேன். கொண்டுபோன சோற்றுப் பார்சலை ஹட்டன் வருவதற்குள் சாப்பிட்டாயிற்று, அவ்வளவு சந்தோஷம். நானுஓயாவிலிருந்து பஸ்ஸில் போய், நுவரெலியா ஏரிக்கரையில் ஒரு பெஞ்சில் மூன்று மணி நேரம் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. தண்ணீரைப் பார்த்தேன், குதிரை பார்த்தேன், மலையில் மஞ்சு மூடி இறங்குவதைப் பார்த்தேன். பசி எடுத்தபோதுதான் சிக்கல். சாப்பாட்டுக் கடை வாசலில் போய் நின்றேன். உள்ளே மேசை மேசையாகக் குடும்பங்கள். ஒரு பெண் தனியாக உள்ளே போய் எந்தக் கதிரையில் உட்காருவாள்? இரண்டு தரம் வாசல் வரை போய்த் திரும்பினேன். கடைசியில் பேக்கரியில் ஒரு பணிஸை வாங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்று, யாரும் பார்க்காமல் விழுங்கினேன். வீட்டுக்கு வந்ததும், "ரயில் பிந்திருச்சு" என்றேன்.

போன புதன்கிழமை நீ கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, அப்பாவிடம் அதைச் சொன்னேன். இருபத்தேழு வருடத்துப் பொய்யை எடுத்து வைக்கிறேன், மனுஷன் சலனமே இல்லாமல் இருக்கிறார். "தெரியும்" என்றார்.

"என்னா தெரியும்?"

"அன்னைக்கு மழை. குடையோட உன்னக் கூட்டிட்டு வர ஸ்டேசனுக்கு வந்தேன். ரயில் நேரத்துக்குத்தான் வந்துச்சு. நீ எறங்கல."

"ஏன் அப்பவே கேக்கல?"

"மொதல்ல கோவம்தான். வீட்டுக்குத் திரும்பி வந்துட்டேன். அடுத்த ரயில்ல நீ வந்த. வீட்டுப் படியில ஏறும்போது பாட்டு முணுமுணுத்துக்கிட்டு வந்த. கேட்டா அது நின்னுடும்னு விட்டுட்டேன்."

இவ்வளவுதான் சொன்னார். இப்படி ஒரு ஆளோடு நான் பேசாமலே எத்தனை காலத்தை ஓட்டியிருக்கிறேன் என்று நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை. மறுநாள் காலையில் லாச்சியிலிருந்து சீட்டுகளை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

மூன்று நாள் நடந்தேன் மகளே. உன் அரிசி மூட்டையைவிட அந்தச் சீட்டுகள் கனம். முதலில் ரீட்டா அக்கா வீடு, பயத்தை முதலிலேயே முடித்துவிடலாம் என்று. "அப்ப எங்கள ஏமாத்துனியா? மாதா பேர வச்சா?" என்றார். ஆமாம் என்றேன். மெழுகுவர்த்தியையும் சீட்டையும் வாங்கிக்கொண்டார், உட்காரச் சொல்லவில்லை. இன்னும் என்னோடு பேசவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அடுத்த வீட்டில் சிரித்தார்கள். இன்னொரு வீட்டில் "நாங்க அப்பவே நெனச்சோம்" என்றார்கள். அது சிரித்ததைவிட வலித்தது. மேல் வீதியில் இருக்கும் செபமாலை ஐயா, தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவர், நான் சொல்லி முடிக்கும்வரை காதைக் கொடுத்துக் கேட்டார். "வெறுங்கால்னு சொன்னீங்களே, அந்தக் குளிருல புள்ளயோட கால் என்னாத்துக்கு ஆகும்னு நான் தூங்கவே இல்ல. நல்லதாப் போச்சு. மொத்தமான காலுறை போட்டுக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். அதனால்தான் உன் பையில் இரண்டு சோடி கம்பளிக் காலுறை அதிகமாக இருக்கிறது. எடுத்து வெளியே போடாதே, அவர் தந்தது.

பாதரிடமும் போனேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் உன்னை முன்னுக்கு அழைத்து, திருயாத்திரை போகிறவர்களுக்கான ஆசீர்வாதம் கொடுப்பதாக இருந்தார்கள். அதையும் நான்தான் ஏற்பாடு பண்ணியிருந்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "பயணம் போறவங்களுக்கும் ஒரு செபம் இருக்கும்மா. என்னாத்துக்குப் போறீங்கன்னு அதுல கேள்வி இல்ல" என்றார். அந்த ஞாயிறு பீடத்துக்கு முன்னால் நின்று, "நம்ம ஜெனி வியாழக்கிழமை ஏரிகள் பார்க்கப் போறாங்க" என்று அவர் சொன்னபோது பெஞ்சுகளில் ஒரு சலசலப்பு ஓடியது. நீ பழக்கிக்கொண்டிருந்த அந்தப் புதுச் சப்பாத்து கிறீச் கிறீச் என்று சத்தம் போட, கோயில் நடுவால் நடந்து போனாய். நான் தலையைக் குனிந்துகொள்வேன் என்றுதான் நினைத்தேன். குனியவில்லை. எட்டி எட்டிப் பார்த்தேன். பின்னால் இருந்தவள் என்னைத் தோளில் தட்டி "மறைக்குது ஆண்ட்டி" என்றாள். மறைக்கட்டும், நான் பெற்றவளைத்தானே பார்க்கிறேன்! வீட்டுக்கு வந்து நீ அறைக்குள் போனாய். பின்னேரம் துணி மடித்து வைக்க வந்தபோது, அலுமாரிக் கதவில் பழைய நாலு தழும்பின் மேலேயே வரைபடம் திரும்ப ஒட்டப்பட்டிருந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

முப்பது சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. எந்த வீடு என்று சொல்லமாட்டேன், நீயும் கேட்காதே. உன்னைவிட இளையவள். எழுதச் சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். நான் சீட்டை நீட்டியபோது அவள் வாங்கவில்லை. "அது மாதாவுக்கு எழுதுனது இல்ல ஆண்ட்டி, ஜெனி அக்காவுக்கு எழுதுனது. அன்னைக்கு ஆளுங்க நின்னாங்க, சொல்ல ஏலல" என்றாள். "நீங்க வேணும்னா வாசிங்க" என்றாள். வாசித்தேன். இரண்டே வரி. "அக்கா, தனியாகக் கடையில் சாப்பிடப் போனால் எங்கே உட்கார வேண்டும்? யாராவது பார்த்தால் என்ன செய்வீர்கள்?"

அவள் வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டிருந்த எனக்கு அந்தப் பணிஸின் ருசி வாயில் வந்தது. அவளுக்கு வயது இருபத்தைந்துகூட இருக்காது. நான் சுவரைப் பார்த்து நின்று விழுங்கிய வயதைவிடக் குறைவு. இத்தனை வருடத்தில் அந்த ஒரு விஷயமாவது மாறியிருக்கும் என்று நினைத்திருந்தேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், எனக்குப் பதில் தெரியவில்லை. அறுபத்தொரு வயதில், எந்தக் கடையிலும் ஒரு நாளும் நான் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அதனால் நேற்று, நீ வேலைக்குப் போன பிறகு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். "நான் டவுனுக்குப் போறேன். தனியா. சும்மா" என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். "பதினொன்னு பத்துக்கு ஒரு பஸ் இருக்கு" என்றார், திரும்பப் பேப்பரைத் தூக்கிக்கொண்டார். குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. உள்ளே போனதும் கால் தன்பாட்டில் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்து மூலை மேசைக்குத்தான் போனது. உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் வந்து "தனியமத?" என்று சிங்களத்தில் கேட்டார், தனியாகவா என்று. "ஓவ்", ஆமாம், என்றேன். சொன்ன பிறகு அந்த மூலை பிடிக்கவில்லை. எழும்பி, குளம் தெரிகிற ஜன்னல் மேசைக்கு மாறினேன். சோறும் மீன் கறியும் சொன்னேன். முதல் ஐந்து நிமிடம் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கைப்பையைத் திறந்தேன், மூடினேன். இரண்டு மேசை தள்ளி ஒரு குடும்பம் என்னைப் பார்த்தது. நானும் அவர்களைப் பார்த்தேன். அவர்கள் தங்கள் கோழியைச் சாப்பிடப் போய்விட்டார்கள். அப்புறம் சோறு வந்தது, பசி வந்தது. தட்டைத் துடைத்துச் சாப்பிட்டேன். ஒரு பிளேன் டீயும் குடித்து, குளத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பின்னேரம் போய் அந்தப் பிள்ளையிடம் இதை அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஜன்னலோரமா ஆண்ட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுடைய சீட்டை உன் சிவப்பு பைலில், படகு நேரங்கள் எழுதிய தாளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அவளுக்கு உன்னிடமிருந்தும் ஒரு பதில் வேண்டும். எனவே ஸ்பீஸில் போய் இறங்கியதும், பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டு வயிற்றைக் காயப்போடாதே. படத்தில் இருந்த அந்தக் கோபுரமும் அதன் நிழலும் தெரிகிற ஒரு மேசையாகப் பார்த்து உட்கார். சூடாக ஏதாவது சொல்லிச் சாப்பிடு. அவசரப்படாதே. அடுத்த படகு எத்தனை மணிக்கு என்றுதான் உனக்குத் தெரியுமே.

இங்கே எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. நீ போன பிறகு ஆட்கள் என்னைக் கேட்பார்கள். ஜெனி எங்கே என்பார்கள், ஏரி பார்க்கப் போயிருக்கிறாள் என்பேன். கூட யார் என்பார்கள். போன மாதம் அந்தக் கேள்வி வந்துவிடக்கூடாதே என்று பயந்துதான் மாதாவையே இழுத்தேன். இப்போது அது வராதா என்று இருக்கிறது. யாராவது கேட்க வேண்டும் ஜெனி, தனியாகத்தான் போனாள் என்று நான் என் வாயால் சொல்ல வேண்டும்.

அம்மா